இந்த ஊரில் உன்னை எல்லோருக்கும் தெரியும்

அன்புள்ள நிஸாருக்கு,

சலாம் சொல்லித் தொடங்குகிறேன். பதில் சலாம் சொல்ல உனக்கு மனம் வருமோ வராதோ, அது உன் பாடு. போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறேன்; நீ உடனே "ரேஞ்ச் இல்லம்மா" என்று வைத்துவிடுகிறாய். அவ்வளவு பெரிய பெங்களூரில் உன் ஒருவனுக்கு மட்டும் எப்படி ரேஞ்ச் இல்லாமல் போகிறதோ! வாய்ஸ் அனுப்பினால் அறையில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும் என்கிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும். நீ படித்தது மலையாளப் பள்ளியில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், அதுவும் அரைப் பக்கத்தில் பொறுமை போய்விடும். போன தடவை செம்மீன் அச்சாறு பாட்டிலோடு நான் வைத்த சீட்டைக்கூட உன் அறையில் இருக்கும் முருகேசன்தான் வாசித்துச் சொன்னான் என்றாய். திண்டுக்கல் பையன். இதையும் அவனே வாசிக்கட்டும்.

முந்தாநாள் நீ வாட்ஸ்அப்பில் ஒரு படம் வைத்திருந்தாய். ஏதோ ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில், ஏ.சி.யின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சிரிக்கிறாய். கீழே கார்கள் தீப்பெட்டி அளவுக்குத் தெரிகின்றன. முதலில் உன் முகத்தைத்தான் பார்த்தேன். அந்த உடைந்த முன்பல் தெரிய நீ சிரித்துப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று மனசு குளிர்ந்தது. அப்புறம்தான் உன் காலைப் பார்த்தேன். இடுப்பில் பெல்ட் இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெல்ட் இருந்ததோ இல்லையோ, எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வலிப்பு வருகிற என் பிள்ளை அந்த உயரத்தில் நிற்கிறான். அவனுக்கு வலிப்பு வரும் என்று அவனைச் சுற்றி இருக்கிற ஒருவருக்கும் தெரியாது.

படத்தைப் பரீதிக்காவிடம் காட்டினேன். உனக்குப் பிடிக்காது என்று தெரிந்துதான் காட்டினேன். நீ போனதிலிருந்து நான் அந்தப் பெரியவரின் சாயாக்கடையைக் கடக்கும்போதெல்லாம் "மோன் விளிச்சோ?" என்று கேட்பார், நீ கூப்பிடாத நாளிலும் கூப்பிட்டான் என்று சொல்லிவிட்டு வருவேன். அன்றைக்குப் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "அவிடெ ஆர்க்கெங்கிலும் அறியுமோ?" என்று மட்டும் கேட்டார். அங்கே யாருக்காவது தெரியுமா என்று. பிறகு வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தேன், பள்ளி யூனிஃபார்ம் சட்டையின் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

நீ ஊரை விட்டுப் போன அன்று பையை ஆட்டோவில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாயே, "அங்க என்னை யாருக்கும் தெரியாதும்மா" என்று. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. பிள்ளைகள் வெளியூர் போகும்போது தாய்மார் அந்த வார்த்தையை நினைத்துத்தான் அழுவார்கள். நீ அதைப் பெரிய பரிசு கிடைத்ததுபோலச் சொன்னாய். உன்மேல் கோபம் வந்தது. ஆனால் எனக்குப் புரியாமலும் இல்லை.

எர்ணாகுளத்துக்காரர்கள் மால் வந்தது, மெட்ரோ வந்தது என்று தங்களைப் பெருநகரக்காரர்களாக ஆக்கிக்கொண்டார்கள். ஆகட்டும். பாலத்துக்கு இந்தப் பக்கம் மட்டாஞ்சேரி இன்னும் சின்ன ஊர்தான். நான் தோப்பும்படியில் மீன் வாங்கினால், அது அயிலையா மத்தியா என்று நான் வீடு வந்து சேருமுன் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்திருக்கும். கம்பத்திலிருந்து கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது இப்படி இல்லை. அதாவது ஊர் இப்படித்தான் இருந்தது, எனக்கு மட்டும் அதில் இடமில்லை. "ஆ தமிழத்தி" என்பார்கள், அந்தத் தமிழ்க்காரி என்று. உன் அத்தா பஜார் ரோட்டில் சாக்குக் கடையில் இருந்துவிட்டு இருட்டிய பிறகு வருவார். நான் வாசலில் உட்கார்ந்து அழுதாலும் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. யாருக்கும் தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும், நிஸார். அதில் கொஞ்சம் சுகமும் உண்டு. துப்பட்டா சரிந்தால் ஊரே திரும்பிப் பார்க்காது. ஆனால் பிரசவ வலி வந்தபோது எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நின்றவளும் நான்தான்.

உனக்கு முதல் தடவை வந்தது ஒன்பதாம் வகுப்பில், படகுத்துறையில், பள்ளிவிட்டு வரும் வழியில். நான் ஓடி வருமுன் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் உன் கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார். ஒருவர் முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நாக்கைக் கடித்துவிடுவாய் என்று பயந்து இன்னொருவர் கடையிலிருந்து எடுத்து வந்த கரண்டிக் காம்பைப் பற்களுக்கு நடுவே விட்டு நெம்பினார். உன் முன்பல் அப்படித்தான் போனது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, எல்லோரும் நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார், எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒரே யோசனை. எனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? இவன் விழப்போவது என் மடியிலா?

மறுநாள் காலையிலேயே தொடங்கிவிட்டேன். ஒரு கடை விடவில்லை. பரீதிக்கா கடை, மருந்துக்கடை, பேக்கரி, அரிசி மண்டி, பள்ளிவாசல், படகுத்துறை டிக்கெட் கவுண்டர், உன் பஸ்ஸின் கண்டக்டர். எனக்கு அப்போதும் மலையாளம் நேராக வராது. "என்டெ மோன் வீழும், அப்போ இங்ஙனெ" என்று சொல்லிவிட்டு மீதியைக் கையால் காட்டுவேன். சிரித்தவர்கள் உண்டு. ஆனால் கேட்டுக்கொண்டார்கள். இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வாரத்தோடு நான் தமிழத்தி இல்லாமல் ஆனேன். "நிஸாரின்டெ உம்மா" ஆகிவிட்டேன். சந்தையில் கூப்பிட்டுப் பேசினார்கள், பெருநாளுக்குத் தட்டில் மூடி அனுப்பினார்கள். உன் நோய்தான் எனக்கு இந்த ஊரில் இடம் வாங்கிக் கொடுத்தது. உனக்கு அதுவே என்ன செய்தது என்று பார்க்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

நல்லதை முதலில் சொல்கிறேன், மறுக்காமல் கேள். அதற்கப்புறம் நீ இந்த ஊரில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறாய். ஒரு பல்கூட உடையவில்லை. மழையில் அரிசி மண்டிக்கு முன்னால் நீ சரிந்தபோது சுமைதூக்குகிறவர்கள் லாரியை நிறுத்திவிட்டு உன்னைச் சுற்றித் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீ மாத்திரை வாங்க ஒரு வாரம் தாமதித்தால் மருந்துக்கடைக்காரரே எனக்குப் போன் செய்வார். அத்தா மௌத்தான அன்று நீ தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தபோது, உன் மாத்திரையையும் ஒரு கிளாஸ் சாயாவையும் எடுத்துக்கொண்டு ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றவர் பரீதிக்கா. எனக்கு அன்று அந்த நினைப்பே இல்லை.

கெட்டதும் அதே ஆட்களால்தான். அந்த மருந்துக்கடைக்காரர் நீ கூட்டத்தில் நின்றால் கவுண்டரிலிருந்தே கத்துவார், "நிஸாரின்டெ ஃபிட்ஸின்டெ குளிகை அல்லே? எடுத்து வச்சிட்டுண்டு!" உன் கழுத்து சிவந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். ஐ.டி.ஐ. முடித்து இடப்பள்ளியில் ஏ.சி. கம்பெனியில் சேர்ந்தாய். எல்லோருக்கும் முன்னால் ஏணியில் ஏறுகிறவன் நீதான் என்று மேஸ்திரி சொன்னதை வந்து சொன்னாய். அங்கே வண்டி ஓட்டுகிறவர் நம் தெருக்காரர் என்று தெரிந்ததும் நான் என்ன செய்தேன்? அவரிடமும் போய்ச் சொன்னேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவர் நல்ல மனிதர், முதலாளியிடம் சொல்லிவிட்டார். முதலாளியும் நல்ல மனிதர். "மேலே கேறண்டா மோனே, நீ கவுண்டரில் இருந்நா மதி" என்று, மேலே ஏறவேண்டாம், கவுண்டரில் இருந்தால் போதும் என்று, ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். சம்பளம் குறைக்கவில்லை. உன்கூடச் சேர்ந்தவர்கள் கயிறும் டூல்ஸ் பையுமாக வெளியே போக, நீ ஃபில்டர் கழுவிக்கொண்டும் ரசீது போட்டுக்கொண்டும் இருந்தாய். உன்னை யாரும் திட்டியிருந்தால் நீ சண்டை போட்டிருப்பாய். எல்லோரும் அன்பாக இருந்தார்கள், உனக்குச் சண்டை போடக்கூட ஆள் கிடைக்கவில்லை. அந்த முதலாளி செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். நீ அன்றைக்குச் செத்துப்போனவன் மாதிரி வீட்டுக்கு வந்தாய் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்புறம் அந்தப் பாலக்காட்டுச் சம்பந்தம். நம் ஆட்கள், வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், பெண்ணுக்கும் உனக்கும் பிடித்துவிட்டது. போனில் நீங்கள் இருவரும் பேசிச் சிரிப்பது சமையலறைவரை கேட்கும். நோயைப் பற்றி நான் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை, அவர்கள் வந்து, பிரியாணி சாப்பிட்டு, உன்னிடம் நாலு வார்த்தை பேசி, நீ எப்படிப்பட்டவன் என்று தெரிந்த பிறகு பெண்ணின் அம்மாவைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லலாம் என்று இருந்தேன். இதையே அவர்கள் எனக்குச் செய்திருந்தால் நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பேன். ஆனால் கல்யாணம் என்றால் வீட்டுக்கு வருமுன் தெருவில் விசாரிப்பார்கள் என்பதை நான் மறந்தேனா, மறந்ததுபோல் இருந்தேனா தெரியவில்லை. பெண்ணின் மாமா சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் முன்னதாகவே வந்து, நேராகப் பரீதிக்காவின் கடையில்தான் சாயா சொல்லியிருக்கிறார்.

அவர் என்ன கேட்டார், பரீதிக்கா என்ன சொன்னார் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ கேட்கவே இல்லை. பையன் எப்படி என்று கேட்டதும் பரீதிக்காவுக்கு வாயெல்லாம் பல். உன்னைப்போல் ஒருவன் இந்தத் தெருவிலேயே இல்லை என்றாராம். கடைக்கு வந்தால் கிளாஸைத் தானே கழுவி வைப்பான் என்றாராம். அதற்கப்புறம், இந்தப் பெண் வீட்டார் இனிமேல் உன்னைப் பார்த்துக்கொள்ளவேண்டியவர்கள் ஆயிற்றே, அவர்களுக்குப் பயம் இருக்கக் கூடாது என்று அவராகவே நினைத்துக்கொண்டு, சாயா பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தன் கடை பெஞ்சில் தானே சரிந்து படுத்துக் காட்டியிருக்கிறார். முழங்கால் வலியோடு நடக்கிற மனிதர். "பேடிக்கண்டா. இதுபோலே ஒரு பக்கமாய் சரிச்சு கிடத்தினா மதி. அஞ்சு மினிட்டு. பின்னெ அவன் எழுந்நேற்று சாயா குடிக்கும்." பயப்படவேண்டாம், இப்படிச் சரித்துப் படுக்க வைத்தால் போதும், அப்புறம் அவனே எழுந்து சாயா குடிப்பான் என்று. மாமா எல்லாவற்றையும் கேட்டு, சாயாவைக் குடித்து முடித்து, நன்றியும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பரீதிக்கா நேரே என்னிடம் வந்தார். "ஞான் எல்லாம் பறஞ்ஞு கொடுத்து. இனி அவருக்குப் பேடியில்லா" என்றார். அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்த பிறகு நான் எப்படி அவரிடம் கோபப்படுவேன்? சாயா போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் பெண்ணின் மாமா போன் செய்தார். "பையன் தங்கமான பையன்தான், நாங்க குத்தம் சொல்லலே. ஆனா நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண் உன் நம்பரை அழித்துவிட்டாள். நீ பரீதிக்காவின் கடைப்பக்கம் போவதை நிறுத்தினாய். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய், "ஊரு முழுக்க நீதானேம்மா சொல்லிக்கொடுத்தே?" பரீதிக்காவுக்கு விஷயம் தெரிந்தபோது அவர் கடையை இரண்டு நாள் திறக்கவில்லை. இப்போதும் உன் பெயரைச் சொல்லும்போது பெஞ்சைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வார்.

ஆகவே உன்னைத் திரும்பி வா என்று நான் கூப்பிடவில்லை. எதற்கென்று கூப்பிடுவது? வந்தால் அந்த ஸ்டூல் உனக்காகக் காத்திருக்கிறது. மருந்துக்கடைக்காரர் கூவுவார். பெண் தேடிப் போனால் நம் தெருவே முன்னால் போய் நின்று விளக்கம் சொல்லும். உன்னை விழவிடமாட்டார்கள், நிமிரவும் விடமாட்டார்கள், எல்லாம் பிரியத்தினால். வேறு மருந்து மாற்றிப் பார்த்தால் நின்றுவிடும் என்று இத்தனை வருஷமாக ஒவ்வொரு டாக்டரும் சொல்கிறார்கள். நான் கேட்டுக்கொள்கிறேன், நம்புவது குறைந்துவிட்டது. அங்கேயே இரு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அங்கே உன்னை ஏணியில் ஏற்றுகிறார்கள், ஏனென்றால் உன்னை அவர்களுக்குத் தெரியாது. நீ சிரிக்கிறாய், ஏனென்றால் உன்னை அவர்களுக்குத் தெரியாது. நீ கீழே விழுந்தால் யார் பெயரைச் சொல்லி யாருக்குப் போன் செய்வார்கள் என்றால், அதற்கும் அதே பதில்தான். இரண்டு ஊரையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு பக்கமும் உனக்காகத் தாழவில்லை. ஏதாவது வழி சொல்வாள் என்று நினைத்து இவ்வளவு தூரம் படித்தாயானால், மன்னித்துக்கொள், என்னிடம் வழி இல்லை.

தெருவுக்கெல்லாம் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. இன்றைக்கு அந்தப் படகுத்துறையில் நீ விழுந்தாலும் நாளைக் காலையில் நான் கடை கடையாக ஏறி இறங்குவேன். இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். இந்தக் கடிதத்தை வேண்டுமென்றேதான் நீளமாக எழுதினேன். வேண்டுமென்றேதான் சீக்கிரமே வலிப்பு என்ற அந்த வார்த்தையைப் போட்டேன், நீ பாதியில் பிடுங்கிக்கொண்டாலும் அதற்குள் முருகேசன் வாசித்திருப்பானே என்று. இதற்கப்புறம் நீ எனக்குப் போன் செய்யாமல் போகலாம். அறையை மாற்றிக்கொண்டு, தமிழ் தெரிந்த ஆளே இல்லாத இடமாகப் பார்த்துப் போகலாம். அதையும் நினைத்துப் பார்த்துவிட்டேன். நீ பேசாமல் இருந்தால் எனக்கு ஒரு கோபக்கார மகன் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். அது எனக்குப் போதும்.

முருகேசன் தம்பி, இனி எழுதுவது உனக்கு. நிஸாரின் அம்மா பேசுகிறேன். அவன் முகத்தைப் பார்க்காமல் இதை மட்டும் வாசித்துவிடு. அவனுக்கு வந்தால் பிடித்து அமுக்காதே. பக்கத்தில் இருக்கிற கூர்மையான பொருளை நகர்த்து, தலைக்குக் கீழே மடித்த துணி ஏதாவது வை, சட்டைப் பித்தானைத் தளர்த்தி ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வை. வாயில் எதையும் விடாதே, முழுதாகத் தெளியும்வரை தண்ணீர் கொடுக்காதே, சாவி கொடுத்துப் பயனில்லை. ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. அவன் கயிறு கட்டாமல் மேலே ஏறுவதாகத் தெரிந்தால் திட்டு, என் பெயரைச் சொல்லியே திட்டு. வேறு யாரிடமும் சொல்லாதே. கடைசியாக ஒன்று இருக்கிறது தம்பி. கண் விழித்ததும் முதலில் அவன் சுற்றிலும் யார் பார்த்தார்கள் என்றுதான் பார்ப்பான். அப்போது நீ போனைப் பார்த்துக்கொண்டிரு, இல்லை துணி மடித்துக்கொண்டிரு, எதையும் பார்க்காதவன்போல் இரு. இந்தத் தெருவுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்த நான், அந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.